பேரனின் ஸ்கேட்டும் உங்கள் பத்திரிகையின் பழைய தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடைக்குப் போனால் வாசலில் அடுக்கியிருக்கும் உங்கள் பத்திரிகையில் இரண்டு பிரதி எடுத்து வருகிறவள் நான். இரண்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதலில் மரண அறிவித்தல், அப்புறம் ஊர்ச் செய்தி, மிச்சமெல்லாம் ஞாயிறு பின்னேரம் என்பது என் வாசிப்பு ஒழுங்கு. அப்படி ஒரு ஞாயிறு, பிள்ளைகளின் குளிர்கால விளையாட்டுச் செலவு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஐஸில் சறுக்கக் காலில் போடும் ஸ்கேட்டைப் பாவித்ததாக வாங்குவதும் பழையதைத் திருத்துவதும் காசைத் தண்ணீரில் போடுவது போல என்று எழுதியவர் சொல்லியிருந்தார். ஸ்கேட் ஓடுவதே தண்ணீரின் மேல்தானே! பகிடி ஒரு பக்கம் இருக்க, அந்தக் கருத்து சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 61 வயது. கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஸ்கேட் போட்டு ஒருநாளும் ஐஸில் இறங்கியதில்லை, இனியும் இறங்க மாட்டேன். ஆனால் பேரனுடைய ஹொக்கி ஸ்கேட்டையும் பேத்தியுடைய ஃபிகர் ஸ்கேட்டையும் ஐந்து குளிர்காலமாக நான்தான் பேஸ்மென்டில் வைத்துத் திருத்தி வருகிறேன்.

தொடங்கியது ஒரு சத்தத்தில். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பயிற்சி. வெளியே இன்னும் இருட்டு. திரும்பி வரும்போது காருக்குள் பேரன், "அம்மம்மா, இடது கால் ஸ்கேட் டிக் டிக் எண்டு சத்தம் போடுது" என்றான். வீட்டுக்கு வந்து சப்பாத்தை ஒரு கையிலும் அடியிலுள்ள பிளேட்டை மறு கையிலும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். குதிக்காலில் ஒரு மயிரிழை அளவு ஆட்டம். அன்றைக்கே மருமகன் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குக் கொண்டுபோனார். பெயர் வேண்டாம். அங்கே நின்ற தமிழ்ப் பெடியன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணை, இது முடிஞ்சுது. புதுசு வாங்குங்கோ" என்றானாம். அந்த ஸ்கேட்டை அதற்கு நான்கு மாதத்துக்கு முன்தான் பாவித்த பொருள் கடையில் எழுபது டொலர் கொடுத்து வாங்கியிருந்தோம்.

மருமகன் அதைக் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, ஜாம் போத்தலில் விளக்கு எரிந்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். அண்ணனுடைய சைக்கிள் கடையில் வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி வைப்பது என் வேலை. ரப்பர் செருப்பின் வார் கழன்றால் அடியில் சட்டைப் பின்னைக் குத்திக்கொண்டு மூன்று மாதம் நடப்போம். அப்படி வளர்ந்தவளிடம் ஒரு பொருளைப் பார்க்காமலே முடிந்துவிட்டது என்று சொன்னால் எப்படி?

ஸ்கேட்டின் உள்ளே, காலடியில் இருந்த மெத்தையை இழுத்து எடுத்தேன். முதலில் வந்தது நாற்றம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஹொக்கி ஸ்கேட்டில் மூன்று பகுதி: மேலே சப்பாத்து, அதன் அடியில் ஹோல்டர் எனப்படும் பிளாஸ்டிக் தாங்கி, அதற்குள் உருக்கு பிளேட். சப்பாத்தையும் தாங்கியையும் பிடித்து வைத்திருப்பவை சுற்றிவர அடித்த ரிவெட்டுகள். (தறையாணி என்று படித்தவர்கள் எழுதுவார்கள். எங்கள் சைக்கிள் கடையில் அது ரிவெட்தான்.) பேரனுடையதில் முன்பக்கம் செம்பு, குதிக்காலில் இரும்பு. செம்புக்குப் பச்சை பிடித்திருந்தது, ஆனால் அசையவில்லை. இரும்பு ரிவெட்டுகளில் இரண்டைச் சுற்றி மிளகாய்த் தூள் தூவியது போலத் துரு. அதில் ஒன்றை நகத்தால் சுழற்ற முடிந்தது.

அந்த ரிவெட்டுகளைப் பழுதாக்கியது ஹொக்கி இல்லை, பை. பிளேட்டில் ஒட்டிய பனி உருகும், உள்ளே காலின் வியர்வை. இரண்டையும் சேர்த்து ஸிப்பை இழுத்து மூடி, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் கராஜில் போட்டுவிடுவோம். கடையில் புதிதாக வாங்கினாலும் இப்படி வைத்தால் இரண்டு குளிர்காலத்தில் அதே துருதான். கட்டுரை எழுதியவர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் என் குறை.

சரி, திருத்திய கதைக்கு வருகிறேன். ரிவெட் அடிக்கும் இயந்திரம் வீட்டில் கிடையாது. அதனால் அந்த இரண்டு ரிவெட்டின் தலையை மட்டும் மருமகனின் ட்ரில்லால் மெல்லக் குடைந்து எடுத்தேன். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் தாங்கியின் ஓட்டை பெருத்துவிடும், பிறகு எதுவும் இறுகாது. தலை போனதும் மிச்சத்தை ஓர் ஆணி வைத்துத் தட்டினால் விழுந்துவிடும். அந்த ஓட்டைக்குள் சப்பாத்தின் உள்ளிருந்து தட்டையான அகன்ற தலையுடைய டீ-நட் ஒன்று, தாங்கியின் அடியிலிருந்து துருப்பிடிக்காத போல்ட் ஒன்று. இரண்டும் ஹார்ட்வேர் கடையில் சில்லறைக் காசுக்கு வரும். போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கிற லொக்டைட் பசையில், நீல நிறத்தது, ஒரு துளி புரியில் விட்டேன். சிவப்பு வாங்காதீர்கள், பிறகு கழற்றவே முடியாது. இறுக்கியபின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். போல்ட்டின் நுனி நெல்மணி அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் பிள்ளையின் குதிக்காலைக் கிழித்துவிடும். எனக்கு நீட்டிக்கொண்டுதான் இருந்தது. கழற்றி, அரத்தால் தேய்த்து, திரும்பப் பூட்டினேன். முழுவதற்கும் ஒன்றரை மணி நேரம். கறி அடிப்பிடித்தது வேறு கணக்கு.

அந்த ஸ்கேட்டோடு பேரன் அந்தப் பருவம் முழுக்க விளையாடினான். இப்போது அது பக்கத்து வீட்டுப் பெடியனுக்குப் போய்விட்டது. போல்ட் இரண்டும் அசையவில்லை.

இதை வாசித்துவிட்டு எல்லாரும் ட்ரில்லைத் தூக்கிவிட வேண்டாம். ஒன்றிரண்டு ரிவெட் என்றால் வீட்டில் பார்க்கலாம். மூன்றோ அதற்கு மேலோ ஆடினால், அல்லது சப்பாத்தின் அடித்தட்டே ஊறி மெதுவாகியிருந்தால், ஒழுங்கான ஸ்கேட் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். தாங்கியில் வெடிப்பு இருந்தால் பசை, டேப் என்று மாரடிக்கவே கூடாது, தாங்கியை மாற்றத்தான் வேண்டும். பிள்ளை வேகமாய்ப் போகும்போது அது உடைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தையல் எனக்கு அத்துப்படி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. லேஸை இழுத்து இழுத்து, சப்பாத்தின் நாக்கு கீழே விரல் பக்கத்தில் தைத்த இடத்தோடு கிழிந்து வரும். அநேகமாக எல்லாப் பிள்ளைகளுடையதும் அந்த இடத்தில்தான் கிழிகிறது. அங்கே தையல் மெஷின் நுழையாது. வளைந்த ஊசி இரண்டு வேண்டும். மெத்தைத் தளபாடம் தைக்கிற ஊசி என்று கேட்டால் துணிக் கடையில் தருவார்கள். நூலுக்கு மெழுகு பூசிய நைலோன் நூல் நல்லது. அது இல்லாத அன்றைக்கு நான் பாவித்தது பல்லிடுக்கில் விடும் ஃபிளொஸ். சிரிக்காதீர்கள், நனைந்தாலும் உக்காது, இழுத்தாலும் அறாது. புதினா வாசம் வேறு, அந்தச் சப்பாத்துக்கு அது பெரிய உபகாரம்.

புது ஓட்டை போடக் கூடாது, பழைய ஓட்டைகளாலேயே போக வேண்டும். புதிது புதிதாய்க் குத்தினால் தோல் தபால் முத்திரைத் தாள் மாதிரி வரிசையாய்க் கிழியும். நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே ஓட்டைக்குள் ஒன்றை இந்தப் பக்கமிருந்தும் மற்றதை அந்தப் பக்கமிருந்தும் விட்டு இழுக்க வேண்டும். செருப்புத் தைக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்யும் தையல் இது. ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஊசியைக் குறடால் இழுங்கள். விரலால் இழுத்து நான் பட்ட பாடு போதும்.

லேஸ் போகும் ஓட்டையின் உலோக வளையம் கழன்றால் அதற்கும் பெட்டியோடு வளையமும் அடிக்கும் கருவியும் விற்கிறார்கள். அடியில் கெட்டியான பலகை வைத்து ஒரே அடி. வளையம் இல்லாமல் விட்டால் லேஸே கத்தி மாதிரி அறுத்து ஓட்டையை வாயாக்கிவிடும்.

பசையில்தான் எங்கள் வீட்டில் இரண்டு அவமானம் நடந்தது. முதலாவது மருமகனுடையது. பேரனின் சப்பாத்து நுனியில் உரிந்த ஓரத்தைச் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டினார். வீட்டுக்குள் இரும்பு மாதிரி நின்றது. வெளியே மறை 15 பாகைக் குளிரில் முதல் முறை காலை மடக்கியதும் கண்ணாடித் துண்டு போலத் தெறித்து விழுந்தது. அந்தப் பசை குளிரில் விறைத்துவிடும். சூப்பர் குளூவும் அப்படித்தான், வளையும் இடத்தில் நிற்காது. காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைகிற சப்பாத்துப் பசைதான் வேண்டும். நாங்கள் ஷூ கூ பாவிக்கிறோம். ஒட்டுமுன் பழைய பசையைச் சுரண்டி, மண்தாளால் இரண்டு முகத்தையும் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் கட்டிவைக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் ஒட்டி, வந்ததும் போட்டு அனுப்புகிற வேலை இல்லை.

இரண்டாவது அவமானம் என்னுடையது. ஈரமான ஸ்கேட்டைச் சீக்கிரம் காயவைக்கலாம் என்று தரையில் சூடு வரும் துவாரத்தின் மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பேத்தியின் வெள்ளைத் தோல் சப்பாத்து அப்பளம் போல விறைத்து, அடி ஓரம் விலகி நின்றது. சூடு பசையை இளக்கும், தோலை இறுக்கும். சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை, பேத்தியிடம் பேச்சு வாங்கிப் படித்தேன்.

பேத்தியின் ஃபிகர் ஸ்கேட் வேறு சாதி. அதில் பிளேட்டை ரிவெட்டால் அடிப்பதில்லை, தோல் அடியில் திருகாணியால் முறுக்குகிறார்கள். ஈரம் ஏறி ஏறித் தோல் உக்கினால் திருகாணி சும்மா சுற்றும். அப்போது நான் செய்வது எங்கள் தச்சர்களின் வேலை: ஓட்டைக்குள் மரப் பசை தொட்ட நெருப்புக் குச்சியை, மருந்தில்லாத பக்கம், இறுக்கமாய்த் தட்டி, மட்டமாய் வெட்டி, காயவிட்டு, திரும்பத் திருகாணியை முறுக்குவது. அடித்தோலுக்குத் தேன்மெழுகு தேய்த்து வைத்தால் தண்ணீர் ஏறாது. மாதம் ஒருமுறை எல்லாத் திருகாணியையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டுப் பார்க்கிறேன்.

தீட்டுவதை மட்டும் நான் தொடுவதில்லை. ஸ்கேட் பிளேட் கத்தி இல்லை. அதன் அடியில் நடுவே நீள வாட்டில் ஒரு குழிவு ஓடும், இரண்டு பக்கமும் இரண்டு கூர். அந்தக் குழிவின் ஆழம் ஆளுக்கு ஆள் வேறு, அதற்குக் கல் சுழலும் மெஷின் வேண்டும். அரிவாள் தீட்டுகிற மாதிரி வீட்டில் தேய்த்தால் இரண்டு கூரும் இரண்டு உயரமாகிப் பிள்ளை ஒரு பக்கம் சறுக்கும். கூர் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் நகத்தைக் குறுக்கே லேசாக உரசுங்கள், மாவு போலச் சீவ வேண்டும். மற்றபடி நம்முடைய வேலை துடைப்பது. பிளாஸ்டிக் உறை ரப்பர்த் தரையில் நடப்பதற்குத்தான். அதைப் போட்டே பைக்குள் வைத்தால் தண்ணீர் உள்ளே நின்று ஒரே இரவில் துரு. துடைத்துவிட்டுத் துணி உறை போட வேண்டும். கடையில் விற்கும் துணி உறையின் விலையைப் பார்த்துவிட்டு, பழைய துவாயில் இலாஸ்டிக் வைத்து நானே தைத்தேன். இப்போது பேரனின் அணியில் பதினொரு பிள்ளைகளின் ஸ்கேட்டில் எங்கள் வீட்டுத் துவாய் இருக்கிறது. ஒன்றில் பூப்போட்ட மஞ்சள். அது கோல் காக்கிற பெடியனுடையது, அவனே கேட்டு வாங்கினான்.

பனிமலைச் சறுக்குச் சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் கொலிங்வூட் பக்கம் புளூ மவுண்டனுக்குப் போக மருமகன் யாரோ வீட்டு அலுமாரியில் கிடந்த ஸ்கீ சப்பாத்தை வாங்கிவந்தார். பார்க்கப் புதிது. வீட்டில் போட்டு நடந்து பார்த்தபோது குதிப்பக்கம் பாண் மாதிரி உதிர்ந்து கம்பளத்தில் கிடந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக்கைப் பாவிக்காமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரமே வருடக்கணக்கில் தின்றுவிடும். பாலியூரித்தேன் என்கிறார்கள். அதை ஒட்டித் தா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். விழும்போது பலகையிலிருந்து சப்பாத்து தானாகக் கழன்றால்தான் கால் தப்பும். அப்படிக் கழல்வது சப்பாத்தின் முன், பின் விளிம்பின் சரியான அளவை நம்பியிருக்கிறது. அந்த இடத்தில் நான் பசை பூசி, அது கழலாமல் விட்டால் முழங்கால் யாருடையது? சிலவற்றில் குதியும் முன்பக்கமும் கழற்றி மாற்றக்கூடியவை. அதற்கு அதே கம்பனியின் துண்டு வேண்டும். இது அப்படியானதும் இல்லை. வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே கட்டுரை எழுதியவர் முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். எறிய வேண்டியதும் உண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் கால் வருடத்துக்கு ஒரு அளவு, சில வருடம் இரண்டு அளவு வளர்கிறது. ஒவ்வொரு முறையும் புதிது வாங்கு என்றால் எங்கள் ஆட்களில் எத்தனை பேர் ஹொக்கியே வேண்டாம் என்று விடுவார்கள்? ஸ்காபரோ சிவிக் சென்டருக்கு வெளியே, அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்து ஐஸ் தளத்தில் சறுக்க ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. இடத்துக்குக் காசில்லை, காலில் போடுவதற்குத்தான் காசு. அந்த ஒன்றையும் பயமுறுத்தி எழுதிவிட்டால் எப்படி?

ஒரு யோசனை சொல்கிறேன், நீங்கள் பிரசுரித்தால் யாராவது எடுத்துச் செய்யட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு அப்பாமார் காருக்குள் படுத்திருப்பார்கள், அம்மாமார் வாசலில் நின்று கதைப்போம். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அதே கட்டடத்தில் நான்கு மேசை போட்டால் போதும். ஒன்றில் காலுக்குச் சின்னதாகிப்போன ஸ்கேட்டுகளை மாற்றிக்கொள்ளலாம், மற்றவற்றில் திருத்தலாம். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே என்கிற ஏற்பாடு இப்படித்தான் நடக்கிறது, ரொறன்ரோவிலும் 2013 முதல் நடத்துகிறார்கள். அங்கே ஒருமுறை ரைஸ் குக்கர் கொண்டுபோயிருக்கிறேன். திருத்துகிறவர் நம்மையும் பக்கத்தில் இருத்தி, திருகாணியை நம் கையில் தந்துவிட்டுத்தான் வேலை செய்கிறார். நமது ஆட்களில் சைக்கிள் கடை, கராஜ், தையல் என்று கைத்தொழில் தெரிந்து, இங்கே வந்து இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! ஒரு மேசையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஊசி என்னிடம் இருக்கிறது. ரிவெட் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது. என் கண் முன்போல இல்லை.

கடைசியாக, இரண்டு பிரதி எடுக்கிற விஷயம். ஒன்று வாசிக்க. மற்றது ஸ்கேட்டுக்கு. விளையாடி வந்ததும் லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னால் மடித்து, மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல் நுனி வரைக்கும் அடைகிறேன். ஒரு மணி நேரத்தில் அது ஈரமாகி வரும், எடுத்துவிட்டுப் புதிதாய் அடைத்து, சூடு இல்லாத இடத்தில் விசிறிக்கு முன்னால் வைத்தால் விடிய முன் காய்ந்துவிடும். ஒரு சோடிக்கு இரண்டு தரத்துக்கும் சேர்த்து எட்டுத் தாள் வேண்டும். ஆனால் அண்மைக் காலமாக வீடு விற்கிறவர்களின் படங்களும் கல்யாண மண்டப விளம்பரங்களும் பளபளத்த தாளில் வருகின்றன. போன வாரம் நடுவில் பன்னிரண்டு பக்கம் அப்படி. அது ஒரு சொட்டுத் தண்ணீர் உறிஞ்சாது, மை மட்டும் பேரனின் சப்பாத்துக்குள் ஒட்டுகிறது. முடிந்தால் அவற்றையும் பழைய தாளிலேயே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ